பலகாரத் தட்டும் கேரம் பலகையும்: வீட்டு விளையாட்டு விருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, ஏதேனும் ஓர் ஊரின் சமையலைப் பரிமாறி, பலகை விளையாட்டுகளோடு மாலைப் பொழுதைக் கழிக்கத் திட்டமிடுபவர்கள் பட்டியலை எப்போதும் உணவிலிருந்தே தொடங்குகிறார்கள். எந்தெந்த விளையாட்டு என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்றதைச் சமைப்பதே சரியான வரிசை. ஏனெனில் சாப்பிடும் கையும் ஆடும் கையும் ஒன்றே.

செட்டிநாட்டு விருந்து என்றதும் மனம் மிளகுக் கோழிக்கும் குழம்புக்கும் போய்விடுகிறது. மசாலா படிந்த விரலால் தொட்ட சீட்டில் கறை நிற்பதோடு, அந்தக் கறையை வைத்தே எதிரே இருப்பவர் கையில் உள்ள சீட்டு எது என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அதன் பிறகு அந்தச் சீட்டுக்கட்டு எதற்கும் பயன்படாது. கேரம் பலகையில் எண்ணெய் பட்ட இடத்தில் காய் சறுக்காமல் நின்றுவிடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, கேரம் பலகையில் தூவும் பொடி பெரும்பாலும், வயிற்றுக்குள் போனால் நஞ்சாகக்கூடிய போரிக் அமிலம் என்பதாகும். முறுக்குத் தட்டைப் பலகையின் ஓரத்தில் வைப்பது பலரும் செய்கிற, அறவே செய்யக்கூடாத காரியம். ஆட்டத்தின்போது சீடை, தேன்குழல், குச்சி சொருகிய கோலா உருண்டை ஆகியவற்றைத் தனி முக்காலியில் வைத்து, குழம்பும் சோறும் கொண்ட உணவை ஆட்டம் முடிந்த பிறகு பரிமாறலாம். சோழியும் புளியங்கொட்டையும் கொண்டு ஆடும் பல்லாங்குழி மட்டும் எண்ணெய்க் கையைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் அதை இருவர்தாம் ஆட முடியும்.

ஆட்களின் எண்ணிக்கையில்தான் அடுத்த சறுக்கல் நேர்கிறது. 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த கட்டான் என்ற பலகை விளையாட்டு, கூடுதல் தொகுப்பு இல்லாமல் மூன்று அல்லது நான்கு பேருக்கானது. அதை மட்டும் நம்பி ஏழு பேரை நான் அழைத்த அன்று, மூவர் மாலை முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கூடினால், இரண்டு அணிகளாகப் பிரிந்து, குறிப்பைக் கேட்டுச் சொற்களைக் கண்டுபிடிக்கும் கோட்நேம்ஸ் போன்றவை பொருந்தும். அதில் ஓர் ஆட்டத்துக்கு 25 சொற்களே தேவை என்பதால், ஆங்கிலச் சொற்களில் தடுமாறுபவர்கள் இருந்தால் தமிழ்ச் சொற்களைத் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மோனோபோலியை நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் திவாலாகிறவர், மற்றவர்கள் முடிக்கும்வரை விருந்தாளியாக அல்லாமல் வேடிக்கை பார்ப்பவராகவே இருக்க நேரிடும்.

விதிப் புத்தகத்தை அனைவர் முன்னிலையிலும் முதன்முறையாகப் பிரித்துப் படிப்பதும் மாலையைக் கெடுத்துவிடும். முந்தின நாளே தனியாக ஒருமுறை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த தாயத்தில்கூட, எந்தெந்த எண்ணுக்கு மறு ஆட்டம் உண்டு, வெட்டாமல் பழம் எடுக்கலாமா என்பவை ஊருக்கு ஊர் மாறுவதால், கட்டையை உருட்டும் முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது, இல்லையென்றால் மதுரைக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் இரவு முழுவதும் வழக்காடுவார்கள்.

அழைக்கும்போதே சைவமா, புரட்டாசி விரதமா, நிலக்கடலை ஒவ்வாமையா என்று கேட்காமல், வந்த பிறகு "உங்களுக்குத் தயிர்சாதம் இருக்கிறது" என்று சமாதானம் சொல்வது விருந்தோம்பல் ஆகாது. சைவக் கரண்டியும் தனியாக இருக்க வேண்டும்.

ஆட்டச் சுவாரசியத்தில் சமைத்த உணவு வெளியிலேயே கிடப்பதையும் மறந்துவிடுகிறோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியில் வைக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரமே எல்லை. சோறும் கோழியும் விரைவில் கெடக்கூடியவை என்பதால், அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கும் இடைவெளியில் யாராவது ஒருவர் எழுந்து அவற்றைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் அழைத்தவராகவே இருந்தால் அவர் ஓர் ஆட்டத்தையும் முழுதாக ஆடியிருக்க மாட்டார் என்பதால், அந்த வேலையைத் தோற்றவர்களிடம் விட்டுவிடலாம்.