புதிர்ச் சாகச கேம்களை ஒப்பிடுவது எப்படி? சிக்கி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

"அண்ணா, மிஸ்ட் வாங்கட்டுமா, மெஷினேரியம் வாங்கட்டுமா?" என்று போன மாதம் என் சித்தி மகன் கேட்டான். இரண்டையும் பலமுறை விளையாடியவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை. ஒன்றில் காட்சிகள் அருமை, மற்றதில் இசை அருமை என்று ஏதோ சொன்னேன். அதை வைத்து அவனால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

காட்சி, இசை, கதை ஆகியவற்றை எந்த வகை கேமிலும் ஒப்பிடலாம். புதிர்ச் சாகசத்துக்கே உரிய ஒன்று உண்டு. வழி தெரியாமல் நின்று, மண்டையைக் குடைந்து, பிறகு ஒரு நொடியில் "அட, இதுதானா!" என்று எழுந்து உட்காரும் அந்த நேரம். ஒரு கேம் நம்மை எங்கே நிறுத்துகிறது, நிறுத்திவிட்டு எப்படி நடத்துகிறது என்பதை ஒப்பிட்டாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர்களும் பின்பற்றும்படி அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மூன்று கேம், ஒரு நோட்டு

ஒரே மாதிரியான கேம்களை எடுக்காதீர்கள். காலமும் பாணியும் வேறுபட்ட மூன்றை எடுங்கள். என் பரிந்துரை: மிஸ்ட் (1993), மெஷினேரியம் (2009), ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018). பழைய நகைச்சுவை பிடிக்கும் என்றால் நான்காவதாக தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட் (1990).

அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். போனில் குறிப்பு எடுப்பதை விடக் காகிதம்தான் நல்லது, ஏனென்றால் படம் வரைய வேண்டியிருக்கும். மிஸ்ட் முதலில் வந்தபோது பெட்டிக்குள்ளேயே எழுதாத ஒரு குறிப்பேட்டையும் வைத்துக் கொடுத்தார்கள். எழுதி விளையாட வேண்டிய கேம் அது என்று அதை உருவாக்கிய ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களுக்குத் தெரிந்திருந்தது.

படி 2: விடை எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு புதிரையும் முடித்ததும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: விடை என் பையில் (கேமில் நான் சேர்த்துவைத்த பொருள்களில்) இருந்ததா, கண் முன்னே இருந்ததா, என் தலைக்குள் இருந்ததா?

இந்தப் படிக்கு நிறைய நேரம் கொடுங்கள். மெஷினேரியத்தின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம் (ஆரம்பப் புதிர் ஒன்றின் விடையைச் சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்).

ஜோசஃப் என்ற குட்டி ரோபோவைக் குப்பைமேட்டில் கொட்டிவிடுகிறார்கள். தன் கைகால்களைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு அவன் நகரத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவில் ஒரு பாலம், அதற்கு ஒரு காவல். காவல்காரனைப் போலத் தோற்றம் இருந்தால்தான் பாலம் இறங்கும். சாலையில் வைக்கும் கூம்பு ஒன்று, கொஞ்சம் நீலப் பெயின்ட், ஒரு பல்பு. மூன்றும் சேர்ந்தால் காவல்காரனின் தொப்பி. கிடைத்த பொருளையெல்லாம் ஜோசஃப் வாயில் போட்டு வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறான். உடம்பை உயரமாக நீட்டுவான், குட்டையாகச் சுருக்குவான். கைக்கு எட்டும் பொருளை மட்டும்தான் அவனால் தொட முடியும். அதனால் திரையில் கண்ட இடத்திலெல்லாம் கிளிக் செய்து தப்பிக்க முடியாது. "இவன் இப்போது எங்கே நிற்கிறான்?" என்று முதலில் யோசிக்க வேண்டும். விடை பையில் இருந்தாலும், கண்ணுக்கும் வேலை கொடுத்துவிடுகிறார்கள்.

மிஸ்ட்டில் பை என்று பெரிதாக ஒன்றுமே கிடையாது. ஆளில்லாத தீவின் படகுத்துறையில் நிற்கிறீர்கள். நடந்தால் புல்லில் ஒரு கடிதம் கிடக்கிறது. தீவில் எத்தனை மார்க்கர் சுவிட்சுகள் (ஆங்காங்கே நிற்கும் நெம்புகோல்கள்) உள்ளன என்று எண்ணி, அந்த எண்ணைத் துறைக்குப் பக்கத்து அறையில் உள்ள கருவியில் பதிக்கச் சொல்கிறது. அவ்வளவுதான். நீங்கள்தான் தீவைச் சுற்றி நடக்க வேண்டும், ஒவ்வொரு கட்டடத்தையும் பார்க்க வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் தீவு முழுக்க உங்களுக்குப் பழகிவிடும். அந்தப் புதிரின் உண்மையான வேலையும் அதுதான். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: சுமார் 2,500 அசையாப் படங்களை அடுக்கி, ஓர் இடத்தில் வாழ்ந்த உணர்வை எப்படிக் கொண்டுவந்தார்கள்!

மூன்றாவது வகை, தலைக்குள் இருக்கும் விடை. மங்கி ஐலேண்டில் கைப்ரஷ் என்ற இளைஞன் கடற்கொள்ளையன் ஆக வேண்டும், அதற்கு வாட்போரில் ஜெயிக்க வேண்டும். ஆனால் அங்கே வாள்வீச்சை விட வாய்வீச்சுதான் முக்கியம். எதிராளி உங்களைக் கிண்டல் செய்வான், அதற்குச் சுருக்கென்று பதில் சொன்னால் நீங்கள் முன்னேறலாம். பதில் தெரியாவிட்டால் தோற்பீர்கள். ஆனால் தோற்கும்போதே அவன் சொன்ன கிண்டலைக் கற்றுக்கொள்கிறீர்கள். அதை அடுத்தவனிடம் எடுத்துவிட்டால், அவன் அதற்குரிய பதிலைக் கற்றுக்கொடுப்பான். கடைசியில் வாள் ஆசானிடம் போனால், அவள் நீங்கள் கேட்டே இராத புதுக் கிண்டல்களைச் சொல்கிறாள். கையில் இருப்பதோ பழைய பதில்கள். எந்தப் பழைய பதில் எந்தப் புதுக் கிண்டலுக்குப் பொருந்தும் என்று அங்கேயே கண்டுபிடிக்க வேண்டும். தோல்வியையே பாடமாக்கிய புதிர் என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது இது.

இதே வகையில் உச்சம் என்று நான் நினைப்பது அவுட்டர் வைல்ட்ஸ் (2019). 22 நிமிடங்களுக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். புது ஆயுதம், புது சக்தி எதுவும் சேராது. தெரிந்துகொண்டது மட்டும்தான் மிஞ்சும்.

நோட்டில் மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கேமிலும் எந்த வகைப் புதிர் அதிகம் என்று கோடு போட்டு எண்ணுங்கள். உங்களுக்கு எந்தக் கட்டம் பிடிக்கிறது என்பது தானாகவே தெரியவரும்.

படி 3: சிக்கிய நேரத்தைக் குறியுங்கள்

எப்போது சிக்கினீர்கள், எவ்வளவு நேரம், அப்போது கேம் என்ன செய்தது என்று எழுதுங்கள். இணையத்தில் விடை தேடுவதற்கு முன் 20 நிமிடமாவது பொறுங்கள். பிறகு எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு வந்து, இன்னொரு 10 நிமிடம். என் அனுபவத்தில் பாதிப் புதிர்கள் அந்தக் காபி நேரத்தில்தான் அவிழ்ந்திருக்கின்றன.

கேம்கள் உதவும் விதம் வெகுவாக மாறுபடும். மெஷினேரியத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறு துப்பு உண்டு. அதுவும் போதாவிட்டால், பூட்டிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒரு குட்டி விளையாட்டை ஆடி ஜெயித்தால் அது திறக்கும், உள்ளே தீர்வு முழுவதும் கையால் வரைந்த படங்களாக இருக்கும். உதவி உண்டு, ஆனால் கொஞ்சம் உழைத்துத்தான் வாங்க வேண்டும். இது ரொம்ப நியாயமான ஏற்பாடு என்பேன். அவுட்டர் வைல்ட்ஸ் துப்பு சொல்லாது. ஆனால் நீங்கள் கண்டதையெல்லாம் விண்கலத்தின் பதிவேட்டில் கோத்து வைத்து, "இங்கே இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது" என்று மட்டும் காட்டும். 1993-இன் மிஸ்ட் ஒன்றுமே சொல்லாது. நீங்களும் தீவும் மட்டும்தான்.

பழைய கேம்களை ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள்: திரும்ப முடியாத முட்டுச்சந்து உண்டா? 1980-களின் சாகச கேம்கள் சிலவற்றில், தொடக்கத்தில் ஒரு பொருளை எடுக்கத் தவறினால் பல மணி நேரம் கழித்துத்தான் அது தெரியும். அதற்குள் திரும்பிப் போகவும் வழி இருக்காது. மங்கி ஐலேண்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989-இலேயே இந்தக் கொடுமையைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார், தன் கேமில் அதைத் தவிர்த்தும் காட்டினார். அதில் கைப்ரஷ் தண்ணீருக்குள் 10 நிமிடம் மூச்சடக்குவேன் என்று பெருமை பேசுவான். நிஜமாகவே 10 நிமிடத்துக்கு மேல் அவனை நீரில் விட்டுவைத்தால்தான் இறப்பான். மற்றபடி தைரியமாக எதையும் முயன்று பார்க்கலாம்.

படி 4: விடை தெரிந்த பிறகு நியாயம் கேளுங்கள்

"ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்." தேன்கூடு என்று சொன்னதும், தெரியாதவர்களும் "ஆமாம், சரிதான்!" என்பார்கள். ஆயிரம் தச்சர் யார், மண்டபம் எது என்று எல்லாம் பின்னோக்கிப் பொருந்துகிறது. நல்ல புதிருக்கு அதே சோதனைதான். விடை தெரிந்த பின் திரும்பிப் பார்த்தால், துப்புகள் எல்லாம் முன்பே அங்கே கிடந்திருக்க வேண்டும்.

பொருந்தாத புதிருக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு 1999-இல் வந்த கேப்ரியல் நைட் 3. நாயகன் தன் நண்பனைப் போல வேடமிட வேண்டும், அதற்கு ஒரு ஒட்டு மீசை. பூனை முடியைச் சேகரித்து மேப்பிள் பாகில் ஒட்டி மீசை செய்கிறான். ஆனால் அந்த நண்பனுக்கு மீசையே கிடையாது! அதனால் நண்பனின் பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைய வேண்டும். விடை தெரிந்த பிறகும் "இதை நான் எப்படி யோசித்திருப்பேன்?" என்றுதான் தோன்றும். அந்த கேமின் மற்ற புதிர்களில் மிக நல்லவை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு புதிரை வைத்து முழு கேமையும் தள்ளிவிடாதீர்கள். ஐந்து புதிர்களையாவது இந்தச் சோதனைக்கு உட்படுத்திவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: குருட்டாம்போக்கில் அடித்தால் திறக்குமா?

பையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கண்ணில்பட்ட எல்லாவற்றின் மேலும் தேய்த்துப் பார்ப்பது நாம் எல்லோரும் செய்ததுதான். அப்படித் திறந்த கதவில் சந்தோஷம் இல்லை. இதை ஒரு கேம் எப்படித் தடுக்கிறது என்று கவனியுங்கள்.

ஓப்ரா டின் இதில் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. 1807-ஆம் ஆண்டு. காணாமல் போன கப்பல் ஒன்று ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் கதியையும் கண்டுபிடிக்க வேண்டும். இறந்தவரின் எச்சத்தருகே மந்திரக் கடிகாரத்தைத் திறந்தால், அவர் இறந்த நொடி உறைந்த காட்சியாக விரியும். நீங்கள் எழுதும் விடை ஒவ்வொன்றையும் சரி, தவறு என்று கேம் சொல்லாது. மூன்று பேரின் விவரம் முழுவதும் சரியாக அமைந்தால்தான் உறுதிசெய்யும். ஒன்றை ஊகிக்கலாம், மூன்றையும் சேர்த்து ஊகிப்பது கடினம். உடை, பேச்சு, யார் யாரோடு நிற்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். மாலுமிகளில் இந்தியர்களும் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்து நோட்டில் எழுதிய இரவு எனக்கு மறக்காது.

சான்ட்ஸ் ஆஃப் சென்னார் (2023) கேமும் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. ஒரு கோபுரம், தளத்துக்குத் தளம் வெவ்வேறு மக்கள், வெவ்வேறு எழுத்து. அந்த எழுத்துக் குறிகளின் பொருளை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். கேமுக்குள் இருக்கும் குறிப்பேட்டில், ஒரு பக்கத்தில் உள்ள படங்கள் எல்லாவற்றுக்கும் சரியான குறியை வைத்தால்தான் பொருள் உறுதியாகும். கேரளத்தில் பேருந்துப் பலகையைத் தமிழ் எழுத்தின் சாயலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவர்களுக்கு இந்த கேமின் சுகம் உடனே புரியும்.

படி 6: யாருக்காக ஒப்பிடுகிறீர்கள்?

மொழியைக் கட்டாயம் குறியுங்கள். மெஷினேரியத்தின் பாத்திரங்கள் பேசுவதே இல்லை, எல்லாமே எண்ணக் குமிழிக்குள் படங்கள். ஆங்கிலம் தெரியாத குழந்தையோ பாட்டியோ கூட உட்கார்ந்து விளையாடலாம். ஓப்ரா டின்னில் ஆங்கிலப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதே புதிரின் ஒரு பகுதி. மங்கி ஐலேண்டின் சுவை ஆங்கிலச் சொல் விளையாட்டில் இருக்கிறது. ஆங்கிலம் சரளம் இல்லாதவருக்கு இவற்றை முதலில் கொடுத்தால், புதிர் கடினமா மொழி கடினமா என்றே தெரியாது.

படி 7: எழுதுங்கள், ஆனால் விடையைச் சொல்லாமல்

ஒரு கேமுக்கு நான்கைந்து வரி போதும். மதிப்பெண் போடுவதை நான் விட்டுவிட்டேன். பத்துக்கு எட்டு என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. மிஸ்ட்டுக்கு என் குறிப்பு இது: "விடைகள் கண் முன்னே. உதவி எதுவும் கிடையாது. அவசரப்படுத்த ஆளில்லை, சாவு பயம் இல்லை. நோட்டு கட்டாயம். ஒலிகளைக் கூர்ந்து கேட்க வேண்டிய இடங்கள் உண்டு, ஹெட்ஃபோன் நல்லது. தனியாக, மழைநாளில், இரண்டு மணி நேரம் ஒதுக்கி உட்காருபவருக்கு."

இந்தக் குறிப்பையும் மெஷினேரியத்துக்கு எழுதியதையும் சித்தி மகனுக்கு அனுப்பினேன். வேலை முடிந்து இரவில் அரைமணி நேரம்தான் கிடைக்கும் என்று அவன் மெஷினேரியத்தை எடுத்தான். நான்கு நாள் கழித்து அவன் நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. ஜோசஃபைப் படமாக வரைந்து, பக்கத்தில் எழுதியிருந்தான்: "பாலம். 35 நிமிடம் சிக்கினேன். துப்பு பார்க்கவில்லை. விடை கண் முன்னே, பையிலும். நியாயமா? ஆமாம்." அதற்குக் கீழே, அடித்து அடித்து எழுதிய ஒரு வரி: "அந்தக் கூம்பை மூன்று தடவை தாண்டிப் போயிருக்கிறேன்."