இன்ஜின் கணினி பழுதா? மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. இரண்டு சென்சார்களை மாற்றியும் குறை தீரவில்லை. "அப்படியானால் இசிஎம்தான் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போயிருக்கும்" என்கிறார் ஒருவர். இதைக் கேட்ட உடனே புதிய பெட்டிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். இன்ஜின் கணினி பழுதாவது உண்டுதான். ஆனால் அதற்கு வரும் மின்சாரமோ எர்த்தோ (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் பாதை) சரியில்லாமல் அது தடுமாறுவதே அதிகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

தேவையானவை மூன்று: டிஜிட்டல் மல்டிமீட்டர், ஓபிடி-2 ஸ்கேனர் (கணினி பதிவு செய்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி), உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய வயரிங் வரைபடம். பலர் வரைபடத்தைத் தேடாமலே வேலையைத் தொடங்குகிறார்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் அளந்து பயனில்லை. பல்பு பொருத்திய டெஸ்டரால் கணினியின் வயர்களைத் தொடாதீர்கள். அது இழுக்கும் மின்னோட்டமே உள்ளிருக்கும் சுற்றைக் கெடுத்துவிடலாம். ஏர்பேக் வயர்களின் பக்கமே போக வேண்டாம். பெரும்பாலும் அவற்றின் உறை மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

படி 1: சாவியைத் திருப்பிப் பாருங்கள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை, ஸ்கேனரும் கணினியோடு பேசவில்லை என்றால், கணினிக்கு மின்சாரமே போகாமல் இருக்கலாம். அதற்கான ஃபியூஸையும் மெயின் ரிலேவையும் (கணினிக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்) முதலில் பாருங்கள்.

படி 2: கோடுகளை (code, பழுதுக் குறியீடு) படியுங்கள்

ஸ்கேனர் காட்டும் எல்லாக் கோடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் இப்போதே அழிக்காதீர்கள். பி0601, பி0606 போன்றவை கணினியின் நினைவகத்தையும் செயலியையும் குறிப்பவை. அவை வந்தாலும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். பேட்டரி வோல்டேஜ் சரிந்தாலும் இத்தகைய கோடுகள் பதிவாகலாம். யு0100 என்பது இன்ஜின் கணினியின் பேச்சு தங்களுக்குக் கேட்கவில்லை என்று மற்ற கணினிகள் சொல்லும் புகார். பேசுபவர் ஊமையானாரா, இடையில் கம்பி அறுந்ததா என்பதை அந்தக் கோடு சொல்லாது.

படி 3: பேட்டரி

இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியையும் அதன் முனைகளையும் சரிசெய்துவிட்டு வாருங்கள். ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை.

படி 4: எர்த்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். என் கார் இரவில் மட்டும் நின்றுபோகும். கணினிதான் காரணம் என்று இரண்டு இடங்களில் உறுதியாகச் சொன்னார்கள். உண்மையில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருந்தது. ஹெட்லைட் போட்டதும் கூடுதல் மின்னோட்டம் அந்த வழியாகத் திரும்ப முடியாமல் கணினி தடுமாறியிருக்கிறது.

இதை ஓம் அளவையால் கண்டுபிடிக்க முடியாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்த வயரும் மீட்டரில் பூஜ்ய ஓம் போலவே காட்டும், ஏனென்றால் மீட்டர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. மின்னோட்டம் பாயும்போதே அளந்தால்தான் குறை வெளிப்படும். கணினியின் கனெக்டரைக் கழற்றாமல், பின்புறமாக மெல்லிய ஊசிமுனையை எர்த் வயரின் பின்னைத் தொடும்வரை செலுத்துங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை அந்த ஊசியிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு விளக்குகள், மின்விசிறி எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அதைத் தாண்டினால் கேபிள் பொருந்தும் இடத்தை உலோகம் மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள். வரைபடத்தில் எத்தனை எர்த் வயர்கள் உண்டோ அத்தனையையும் அளக்க வேண்டும். கணினிக்கு வரும் பாசிட்டிவ் வயர்களில் பேட்டரி வோல்டேஜ் குறையாமல் வருகிறதா என்பதையும் இதே முறையில் பாருங்கள்.

படி 5: ஐந்து வோல்ட்

பல சென்சார்களுக்குக் கணினியே 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து அளந்து பாருங்கள். 5 வோல்ட் வரவில்லையென்றால், அதே இணைப்பில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சார்தான் ஷார்ட்டாகி எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லையென்றால், வயர் எங்காவது உராய்ந்து இன்ஜினைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

படி 6: பெட்டியைப் பாருங்கள்

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்து, கணினியின் கனெக்டரைக் கழற்றுங்கள். பச்சைப் பூப்பு, ஈரம், வளைந்த பின், கருகிய வாடை ஆகியவற்றைத் தேடுங்கள்.

மின்சாரமும் எர்த்தும் வயர்களும் சரியாக இருந்து, கணினிக்கு உள்ளே போக வேண்டியது போய், வெளியே வர வேண்டியது மட்டும் வரவில்லையென்றால் இப்போது சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி: அது ஏன் பழுதானது? ஷார்ட்டான இக்னிஷன் காயிலோ இன்ஜெக்டரோ கணினியின் டிரைவரை (அவற்றை இயக்கும் உள்சுற்றை) கருக்கியிருக்கலாம். அவற்றின் ஓம் அளவைச் சோதிக்காமல் புதிய பெட்டியை மாட்டினால் அதுவும் கருகிவிடலாம்.

மாற்றும்போது உதிரிபாக எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பெரும்பாலான கார்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத மின்னணுப் பூட்டு) இருப்பதால், வேறு காரிலிருந்து எடுத்த கணினி உங்கள் சாவியை ஏற்றுக்கொள்ளாது. அதை நிபுணர் இணைத்துத் தர வேண்டும். பழைய பெட்டியை எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள். அதன் நினைவகத்தில் உள்ள தரவைப் புதியதற்கு நகலெடுக்க முடிந்தால் அந்த வேலை மிகவும் எளிதாகிவிடும். பலவற்றைப் பழுதுபார்க்கவும் முடியும்.