உபவாசத்தில் நாம் செய்யும் தவறுகள்

வேலூரில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களும் வெயிலும் பிளஸ் டூ தேர்வும் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன. மகனின் மதிப்பெண்ணுக்காகத் தாய் உபவாசம் இருப்பார். ஜெபிப்பதில் பிழையில்லை. மதிப்பெண் குறைந்ததும் "இத்தனை நாள் பட்டினி கிடந்தேனே" என்று கணக்குக் கேட்கும்போதுதான், அது ஆண்டவரிடம் கட்டிய முன்பணமாகிவிடுகிறது.

இதே முறையீடு வேதாகமத்தில் ஏசாயா 58ஆம் அதிகாரத்திலும் வருகிறது. உபவாசம் இருந்தோமே, ஏன் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள் ஜனங்கள். உபவாச நாளிலும் வேலையாட்களை வாட்டுகிறீர்களே என்பதே தேவனின் பதில். நம் வீடுகளிலும் ஆண்கள் உபவாசம் இருக்க, அதை முடித்துவைக்கப் பெண்கள் பகலெல்லாம் அடுப்படியில் வேகிறார்கள்.

பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதே தமக்குப் பிரியமான உபவாசம் என்று அதே அதிகாரத்தில் தேவன் சொல்கிறார். ஆகவே உபவாசத்தால் மிச்சமான சாப்பாடு எங்கே போகிறது என்று பார்க்காதது, என் கணக்கில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. 2ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஹெர்மாஸ் இதைத் தெளிவாக எழுதிவைத்தார்: அன்று உண்ணாத உணவின் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. வேலூரில் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு எதிரே உள்ள தெருக்களில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் அறையில் வாடகை அடுப்பை வைத்துச் சோறு வடிக்கிறார்கள். சிகிச்சை நீள நீளக் கைப்பணம் கரைகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு அவர்களுக்குப் பெரியது.

அடுத்தது, உயிரோடு விளையாடுவது. இன்சுலின் போட்டுக்கொண்டு, அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு உபவாசக் கூட்டத்தில் உட்கார்பவர்கள் உண்டு. தகரக் கூரை, அனல், நெருக்கம். நெற்றி வியர்க்கிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. அருகிலிருப்பவர் பரிசுத்த ஆவியின் அசைவு என்று அல்லேலூயா சொல்கிறார். உண்மையில் அது சர்க்கரை இறங்குவது. நினைவு தெளிவாக இருக்கும்போதே உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுக்க வேண்டும். தாமாக மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்துதான். மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கத்தோலிக்கரின் ஒருசந்தி எனும் உபவாச ஒழுங்கே 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்குத்தான். ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிற்றுணவும் உண்டு, நோயாளிகளுக்கு விலக்கும் உண்டு. நோயாளிகள் உணவுக்குப் பதிலாக டிவியை அணைக்கலாம், செல்பேசியை எடுத்துவைக்கலாம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உபவாசத்தை அறிவிப்பவர்கள், உபவாசத்தை மனிதர் காணச் செய்யாதே என்று சொல்லும் மத்தேயு 6ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொள்ளட்டும்.

லெந்தின் 40 நாட்களில் ஞாயிறு சேராது. அது உயிர்த்தெழுதலின் நாள். ஞாயிறன்றும் பட்டினி கிடப்பது கூடுதல் பக்தி ஆகாது. மற்ற நாட்களில் உபவாசத்தை முடிக்கும்போது, நாள் முழுவதும் காய்ந்த வயிற்றை ஆம்பூர் பிரியாணியால் நிரப்ப வேண்டியதும் இல்லை. முதலில் கஞ்சியோ மோரோ குடித்து, சற்றுப் பொறுத்துச் சாப்பிடுங்கள்.