போலந்துக் குடும்பப் பெயருக்குப் பொருள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொதோவ்ஸ்கா. அவருடைய தந்தையின் குடும்பப் பெயர் ஸ்க்வொதோவ்ஸ்கி. இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. ‘ஸ்கி’ என்று முடியும் பெயர்கள் இலக்கணப்படி பெயரடைகள். போலிய மொழியில் பெயரடைக்கு ஆண்பால் விகுதி தனி, பெண்பால் விகுதி தனி. கால்பந்து வீரர் ராபர்ட் லெவன்டோவ்ஸ்கியின் மனைவி அன்னா லெவன்டோவ்ஸ்கா. குடும்பத்தோடு சேர்த்துச் சொன்னால் விகுதி மறுபடியும் மாறி லெவன்டோவ்ஸ்த்ஸி ஆகிவிடும். பழைய பதிவேட்டில் பாட்டியைத் தேடுகிறவர் ‘ஸ்கி’ என்று மட்டும் தேடினால் பாட்டி அகப்பட மாட்டார்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து நேர் எதிரான தவறைச் செய்வார்கள்: போலந்துப் பெண்கள் எல்லோருடைய பெயரும் ‘ஆ’வில் முடிந்தாக வேண்டும் என்று. அப்படி இல்லை. பெயரடை வடிவில் உள்ளவைதான் மாறும். பெயர்ச்சொல்லாக நிற்பவை மாறாது. டென்னிஸ் வீராங்கனை இகா ஷ்வியோன்தெக் (நம் செய்திகளில் ஸ்வியாடெக்), 2018-க்கான இலக்கிய நோபல் பெற்ற ஓல்கா தோகார்ச்சுக் ஆகியோரின் தந்தையருக்கும் அதே பெயர்தான். 1996-ல் நோபல் பெற்ற கவிஞர் ஷிம்போர்ஸ்காவின் தந்தையோ ஷிம்போர்ஸ்கி. அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பங்களில் மகள்களும் ‘ஸ்கி’ என்றே எழுதுவது அந்நாட்டுப் பதிவு முறையால் வந்த பழக்கம்.

பழைய ஆவணங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. நோவாக் என்பவரின் மனைவியை நோவாகோவா என்றும், மணமாகாத மகளை நோவாகுவ்னா என்றும் எழுதுவது ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ரஷ்ய நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்து வளர்ந்த நமக்கு அந்த ‘உவ்னா’வைப் பார்த்ததும் இவானோவ்னா, பெத்ரோவ்னா எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால் ரஷ்யாவில் அந்த ஒட்டு சேர்வது தந்தையின் இயற்பெயரோடு. இங்கே சேர்வது குடும்பப் பெயரோடு.

வேற்றுமை உருபும் ஏமாற்றும். தமிழைப் போலவே போலிய மொழியிலும் வேற்றுமை பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. ‘யான் நோவாக்கின் மகன்’ என்பதை எழுதும்போது நோவாக் ‘நோவாகா’ ஆகிறது. அதையே குடும்பப் பெயர் என்று நம்பி வம்சாவளியில் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் ‘ஸ் கோவால்ஸ்கிஹ்’ என்று இருந்தால் அது இரண்டாவது பெயர் அல்ல. கோவால்ஸ்கி வீட்டில் பிறந்தவர் என்று பொருள்.

‘ஸ்கி’ என்றால் பிரபு வம்சமா?

இதைத்தான் அதிகம் பேர் நம்ப விரும்புகிறார்கள். தொடக்கத்தில் இதில் உண்மை இருந்தது. தார்னூஃப் நகரத்தை உடைமையாக வைத்திருந்த குடும்பம் தார்னோவ்ஸ்கி ஆனது. நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரோடு ‘ஸ்கி’ சேர்த்துக்கொண்டார்கள். மதிப்புள்ள எதையும் மற்றவர்கள் பின்பற்றாமல் விடுவார்களா? நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும், பின்னர் குடியானவர்களும் அதே விகுதியை எடுத்துக்கொண்டார்கள். 19-ம் நூற்றாண்டில் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமாகி நிலைபெற்றபோது அது சாதாரண விகுதியாகிவிட்டது. பழைய போலந்தில் பிரபுக்கள் மக்கள்தொகையில் 8 முதல் 10 சதவீதம் என்பது வழக்கமான மதிப்பீடு. இன்று ‘ஸ்கி’ வைத்திருப்பவர்கள் எல்லோரையும் அதற்குள் அடக்க முடியாது. கொல்லர் என்ற சொல்லிலிருந்து வரக்கூடிய கோவால்ஸ்கிதான் போலந்தில் ‘யாரோ ஒரு சாமானியன்’ என்பதற்கு வழங்கும் பெயர்; மாதிரிப் படிவங்களில் யான் கோவால்ஸ்கி என்றுதான் நிரப்பியிருப்பார்கள்.

ஊர்ப் பெயரிலிருந்து வந்த ‘ஸ்கி’க்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வழிகள் உண்டு. பிரபுவுக்கு அது ‘இந்த ஊரை ஆள்பவன்’ என்றது. சாமானியனுக்கோ பெரும்பாலும் ‘அந்த ஊரிலிருந்து வந்தவன்’ என்றது. வார்சாவிலேயே குடியிருக்கும் ஒருவனை வார்சாக்காரன் என்று அக்கம்பக்கத்தார் அழைப்பதில் என்ன பயன்? வேறு ஊருக்குப் போன பிறகுதான் அவன் வர்ஷாவ்ஸ்கி ஆவான். யூதக் குடும்பங்களிடையே இத்தகைய நகரப் பெயர்கள் அதிகம். ஆஸ்திரியாவின் கீழிருந்த கலீசியாவில் 1787-ல் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் ஆணையாலும், ரஷ்யாவின் பிடியிலிருந்த போலந்து ராஜ்யத்தில் 1821-ன் ஆணையாலும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அதற்காக நகரப் பெயரைக் கண்டவுடன் யூதர் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஆங்கிலத்தில் ‘ski’ என்று i-யில் முடித்தால் கத்தோலிக்கர், ‘sky’ என்று y-யில் முடித்தால் யூதர் என்று அமெரிக்காவில் உலவும் ‘விதி’ வெறும் கதை. அங்கே வேறுபடுவது எழுத்துப்பெயர்ப்பு மட்டுமே.

குலச்சின்னம் அச்சிட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளையும் நம்ப வேண்டாம். போலந்தில் ஒரே சின்னத்தை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. ஒரே குடும்பப் பெயருள்ளவர்கள் வேறு வேறு சின்னங்களை வைத்திருந்ததும் உண்டு. 1921-ம் ஆண்டு அரசியல் சட்டம் குலச்சின்னங்களையும் பரம்பரைப் பட்டங்களையும் அங்கீகரிக்க மறுத்தது. இரட்டைப் பெயர் என்றால் இரண்டு பெரிய குடும்பங்கள் சேர்ந்தவை என்ற எண்ணமும் இதோடு சேர்ந்ததுதான். 1944-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக நடந்த வார்சா எழுச்சியின்போது தலைமறைவுப் படைக்குத் தலைமை தாங்கிய ததேயுஷ் பூர்-கொமொரோவ்ஸ்கியின் ‘பூர்’ அவருடைய தலைமறைவுப் பெயர்.

அகராதியைக் கடைசியில் திறங்கள்

விஷ்னியா என்றால் செர்ரி; ஆகவே விஷ்னியெவ்ஸ்கி என்றால் செர்ரிக்காரர். கமியென் என்றால் கல். ஆகவே கமின்ஸ்கி கல்தச்சர். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பகுதி இந்த ரகம். நடுவில் ஒரு ஊர் விட்டுப்போகிறது. செர்ரி மரத்தால் பெயர் பெற்றது விஷ்னியேவோ போன்ற ஊர்; அந்த ஊரால் பெயர் பெற்றவர் விஷ்னியெவ்ஸ்கி. ஓக் தோப்பைக் குறிக்கும் தொம்ப்ரோவா என்ற பெயரில் ஏராளமான ஊர்கள் இருப்பதால், தொம்ப்ரொவ்ஸ்கிகள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோவால்ஸ்கியைக்கூட முழுக்கக் கொல்லருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. கோவால் என்றே ஒரு ஊர் உண்டு. 1310-ல் மன்னர் மகா கஸிமிர் பிறந்தது அங்கேதான்.

கோப்பர்நிக்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தை செம்பு வணிகர் என்பதால் பெயரையும் செம்போடு இணைத்தவர்கள் உண்டு. போலியத்தில் கோபெர் என்றால் சதகுப்பை என்பதால் அதோடு இணைத்தவர்களும் உண்டு. குடும்பம் வந்தது சிலேசியாவில் உள்ள கோபெர்னிகி என்ற கிராமத்திலிருந்து என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அந்தக் கிராமத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்பது வேறு கேள்வி.

சில பெயர்களுக்கு ஒரே விடை என்பதே கிடையாது. வுய்ச்சிக் என்பவர் வுய்ட் எனப்பட்ட ஊர்த்தலைவரின் மகனாகவும் இருக்கலாம், வோய்ச்செஹ் என்ற இயற்பெயரின் செல்ல வடிவத்திலிருந்தும் வந்திருக்கலாம். தூரெக் என்றால் துருக்கியர். துருக்கியரோடு போருக்குப் போய் வந்தவருக்கு வைத்த பட்டப்பெயராக இருக்கலாம். தூரெக் என்ற நகரத்துக்காரராகவும் இருக்கலாம். ‘ஜெர்மானியர்’, ‘ஹங்கேரியர்’ என்று பொருள்படும் குடும்பப் பெயர்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். இனச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போலந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள பெயர் நோவாக், ஏறத்தாழ 2 லட்சம் பேர். ‘புதிதாக வந்தவர்’ என்று பொருள். எங்கிருந்து, எதற்காக வந்தார் என்று அந்தப் பெயர் சொல்லாது.

விகுதி ஓரளவு திசை காட்டும். ‘ச்சாக்’ மேற்கே வியெல்கோபோல்ஸ்கா பகுதியில் அதிகம். மகன் என்று பொருள்படும் ‘விச்’ கிழக்கே, பழைய லித்துவேனியப் பெருநாட்டு நிலங்களில் செழித்தது. 1798-ல் இன்றைய பெலாருஸ் மண்ணில் பிறந்த கவிஞர் மிட்ஸ்கியேவிச் கண்முன் உள்ள உதாரணம். தோகார்ச்சுக்கின் ‘ச்சுக்’கும் கிழக்குச் சாயல்தான், கடைசல்காரரின் மகன் என்பதுபோல.

புலம்பெயர்ந்தோர் வீடுகளில் தவறாமல் கேட்கும் கதை ஒன்று: ‘எல்லிஸ் தீவு அதிகாரி தாத்தாவின் பெயரைச் சுருக்கிவிட்டார்.’ நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து நாட்டுக்குள் அனுமதிக்க 1892-ல் திறந்த அந்த நிலையத்தில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரித்த பட்டியலைச் சரிபார்த்தார்கள். பெயரைச் சுருக்கியது பெரும்பாலும் தாத்தாவேதான், வேலை தேடும்போதோ குடியுரிமை வாங்கும்போதோ. ஆகவே முதலில் கப்பல் பட்டியலைப் பாருங்கள், பிறகு அதில் உள்ள ஊரின் பதிவேட்டை. போலந்து ராஜ்யப் பகுதியில் 1868 முதல் பதிவேடுகள் ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. ரஷ்ய எழுத்தில் ‘ஹ’ இல்லாததால் ஹாஃப்மன் அங்கே காஃப்மன் ஆகியிருப்பார். பல பதிவுகளில் ரஷ்ய வடிவத்துக்குப் பக்கத்திலேயே போலிய எழுத்திலும் பெயரைக் குறித்திருப்பார்கள். நகல் எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.