காமெடிப் படத்துக்கு ஆள் எடுக்கும்போது ஜோடி ஜோடியாக எடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்ன பட்ஜெட்டில் நகைச்சுவைப் படம் எடுப்பவர்கள் முதலில் தேடுவது ‘நல்லா சிரிக்க வைக்கிற ஆள்’. அப்படி நாலு பேரைப் பிடித்து ஒரே காட்சியில் நிறுத்தினால், பெரும்பாலும் நாலு பேரும் கத்துவார்கள். பார்க்கிறவர் ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள். ஜோக் அடிக்கிறவர் நாலு பேர் இருந்து, அதை வாங்கி முகம் மாறுகிறவர் ஒருத்தர்கூட இல்லை என்பதுதான் கோளாறு.

தெருக்கூத்தைக் கவனியுங்கள். கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன், வருகிற ராஜாவையே ‘நீ யாரு?’ என்று மடக்குவான். ராஜா விறைப்பாக நின்று பதில் சொல்வதால்தான் சிரிப்பு வருகிறது. ராஜாவும் கோணங்கித்தனம் செய்தால் காட்சி அங்கேயே படுத்துவிடும். 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் காட்சியை ஒருமுறை, கதை கேட்கும் பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். பாதி வேலையை அவர் செய்திருப்பார்.

ஆகவே ஆள் தேடும் முன் ஒரு தாளில் யார் யாருக்கு என்ன உறவு என்று எழுதுங்கள். மாமனும் மச்சானுமாக நாலு பேர் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் கதை என்று வையுங்கள். திட்டம் போடுகிறவன், அதை அப்படியே நம்புகிறவன், எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசுகிறவன், அரைமணி நேரம் கழித்துப் புரிந்துகொள்கிறவன் என்று நாலு குணம். இரண்டு பேருக்கு ஒரே குணம் வந்தால் ஒருவரை வெட்டுங்கள். நம்புகிறவன் வேடத்துக்குத்தான் கெட்டிக்கார நடிகர் வேண்டும். முன்பணம் தொலைந்தது அவனுக்கு நிஜமாகவே வலிக்க வேண்டும். அவனே சிரித்துவிட்டால் பார்க்கிறவர் ஏன் சிரிக்கப் போகிறார்?

தேர்வுக்குத் தனித்தனியாகக் கூப்பிடாதீர்கள். இரண்டு பக்கக் காட்சி ஒன்றைக் கொடுத்து, ஜோடிக்கு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் சுற்றில் எழுதியபடி நடிக்கட்டும். இரண்டாவதில் வேடத்தை மாற்றுங்கள். மூன்றாவதில் ஒருவரை மட்டும் தனியே அழைத்து ஒரு வசனத்தை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். ‘பணம் பீரோவுல இருக்கு’ என்று வரவேண்டிய இடத்தில் ‘பணம் உன் பொண்டாட்டிகிட்ட இருக்கு’ என்று வரட்டும். எதிரில் இருப்பவர் காதில் அது விழுந்து கண் மாறினால் அவர் தேறுவார். மனப்பாடம் செய்த அடுத்த வரியையே ஒப்பித்தால், எவ்வளவு பெயர் வாங்கியவராக இருந்தாலும் கூட்டத்துக்கு ஆக மாட்டார். மூன்று சுற்றையும் செல்போனைப் படுக்கவாட்டில் வைத்து, இருவரும் இடுப்புக்கு மேல் தெரிய எடுங்கள். மறுநாள் சத்தத்தை அணைத்துப் பாருங்கள். சத்தம் இல்லாமலே யார் யாரை மடக்குகிறார் என்று தெரிந்தால் அந்த ஜோடி சரி.

இந்த வட்டாரத்தில் கூத்துக்கலைஞர்கள் கிடைப்பது பெரிய வரம். ஆனால் அவர்கள் குரலும் கையும் விடியவிடிய திறந்தவெளியில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பழகியவை. க்ளோஸப்பில் அது மிகையாகத் தெரியும். ‘பக்கத்துல இருக்கிறவருக்கு மட்டும் சொல்லுங்கண்ணே’ என்றால் போதும், இறங்கிவிடுவார்கள். ரீல்ஸில் பிரபலமானவர்களிடம் கோளாறு வேறு. கேமராவைப் பார்த்துப் பேசியே பழகியதால் எதிராளி பேசும்போது தன் முறைக்குக் காத்திருப்பார்கள். இதைச் சரிசெய்ய நாளாகும். தேதியும் முக்கியம்: திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும் கோடை மாதங்களில் கலைஞர்களைக் கேட்காதீர்கள்.

பேச்சு வழக்கில் மதுரை பாஷையைத் திணிக்க வேண்டாம். ஓசூர் பக்கத்து ஆளுக்குத் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும், அரூர் ஆளுக்கு வராது. அந்த வித்தியாசத்தை அப்படியே விட்டால் இலவசமாக நகைச்சுவை கிடைக்கும்.

ஒத்திகைக்கு ஐந்து நாள் போதும். உச்சக்காட்சியை முழுவேகத்தில் பத்துத் தடவை ஓட்டினால் செத்துப்போகும். நின்ற இடம், நகரும் இடம் மட்டும் பழக்குங்கள். படப்பிடிப்பையும் கூட்டக்காட்சியில் தொடங்காதீர்கள். இருவர் காட்சிகளை முதலில் எடுத்தால் மூன்றாம் நாளுக்குள் ஒருவர் மூச்சு மற்றவருக்குப் பிடிபடும்.

எடுக்கும்போது, சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே ஃப்ரேமில் இருக்கும் ஷாட்டை முதலில் முழுசாக எடுத்து வையுங்கள். கவுன்டரும் முகமாற்றமும் வெட்டில்லாமல் வந்தால் டைமிங் நடிகர் கையில் இருக்கும். வெட்டி ஒட்டினால் எடிட்டர் தலையில் விழும். அந்த அகல ஷாட்டில் ஒருவர் பேச்சில் மற்றவர் புகுந்தாலும் பரவாயில்லை. க்ளோஸில் புகக் கூடாது, வெட்ட இடமிருக்காது. ஆளுக்கொரு காலர் மைக், தனித்தனி ட்ராக். பெரிய சிரிப்பு வரும் இடத்துக்குப் பின்னால் இரண்டு நொடி வெறும் முகங்களை விடுங்கள். கதைக்கு அவசியமான தகவலை அங்கே வைத்தால் தியேட்டர் சத்தத்தில் யார் காதிலும் விழாது.

கடைசி நேரத்தில் ஒருவர் கழன்றுகொண்டால் ‘அதே மாதிரி’ ஆளைத் தேடிப் போட்டுவிடாதீர்கள். மீதி மூன்று பேரையும் கூட்டி வைத்து, புதியவரோடு அந்த இரண்டு பக்கக் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் ஆளை மாற்றுவதைவிட அந்த வேடத்தின் குணத்தையே மாற்றி எழுதுவது செலவு குறைவு.