மார்க்குக்காக ஓப்பன் சோர்ஸ்: வேலூர்க் கல்லூரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களில் மாணவர் செய்யும் வேலைக்குக் கிரெடிட் கொடுக்க முன்வரும் துறைகள் முதலில் எழுதும் விதி, "புல் ரிக்வெஸ்ட் மெர்ஜ் ஆனால்தான் மார்க்" என்பது. "என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பும் கோரிக்கைதான் புல் ரிக்வெஸ்ட், அதை ஏற்று நிரலில் சேர்ப்பது மெர்ஜ். பாதிக் கோளாறு இந்த விதியிலிருந்துதான் தொடங்குகிறது. மெர்ஜ் செய்வது மாணவர் கையில் இல்லை. ப்ராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இதைத் திறப்பவராக இருக்கலாம். சரியான திருத்தமே வாரக்கணக்கில் பதில் இல்லாமல் கிடக்கும். செமஸ்டரோ 15 வாரம். மார்க் போய்விடுமே என்ற பயத்தில் மாணவர், சுலபமாக மெர்ஜ் ஆகக்கூடியதைத் தேடுவார்: ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு கமா, கடைசியில் தன் பெயர். 2020 அக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவருக்கு டி-ஷர்ட் தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் இப்படிக் குப்பைத் திருத்தங்கள் குவிந்தன. ஒப்புக்கொண்ட ப்ராஜெக்ட்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. டி-ஷர்ட்டுக்கே அந்தப் பாடு என்றால், இன்டர்னல் மார்க்குக்குக் கேட்கவே வேண்டாம்.

மாணவர் கையில் இருப்பதற்கு மார்க் போடுங்கள். கோளாறைத் தன் கணினியில் மறுபடி வரவழைத்துக் காட்டினால் 20, திருத்தத்துக்கும் அதற்கான டெஸ்ட்டுக்கும் 30, ரிவ்யூவில் கேட்டதற்குப் பதில் சொல்லி மாற்றி அனுப்பினால் 25, வாராந்திரக் குறிப்புக்கு 10, வைவாவுக்கு 15. மெர்ஜுக்குத் தனி மார்க் வேண்டாம். வைவாவில் அவர் மாற்றிய வரிகளைத் திரையில் போட்டு, "இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். ஏஐ எழுதியதை அப்படியே ஒட்டியவர் அங்கே தெரிந்துவிடுவார். ஜென்டூ, நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதள ப்ராஜெக்ட்கள் 2024லேயே ஏஐ எழுதிய நிரலுக்குத் தடை போட்டுவிட்டன. ப்ராஜெக்ட்டின் விதியை முதல் வாரத்திலேயே படிக்க வைப்பது நல்லது.

அடுத்தது, கேட்காமல் போய் இறங்குவது. 60 பேர் கொண்ட வகுப்பை ஒரே ப்ராஜெக்ட்டில் இறக்கினால், ஒரே இஷ்யூவுக்கு (கோளாறுப் பதிவுக்கு) கீழே "எனக்கு ஒதுக்குங்கள்" என்று வரிசையாகப் பதிவு விழும். மெயின்டெய்னருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? அனுமதியில்லாத வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2021 ஏப்ரல் சாட்சி. ஆராய்ச்சிக்காக வேண்டுமென்றே ஓட்டையுள்ள பேட்ச்களை (திருத்தங்களை) அனுப்பிய விவகாரத்தில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலைப் பராமரிக்கும் தரப்பு, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்களை ஏற்பதையே நிறுத்தியது. தவறு செய்தவர் சிலர், கதவு அடைபட்டது எல்லோருக்கும். ஜூலையில் செமஸ்டர் என்றால் மே மாதக் கடைசியிலேயே மெயின்டெய்னருக்கு எழுதுங்கள்: எத்தனை பேர், எந்த ஆண்டு மாணவர், எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், பொறுப்பாசிரியர் யார். ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 3, 4 பேருக்கு மேல் வேண்டாம்.

ப்ராஜெக்ட்டைப் பெயருக்காகத் தேர்ந்தெடுப்பதும் தவறு. 4 ஜிபி ரேம் உள்ள லேப் சிஸ்டத்தில் லிப்ரே ஆபீஸ் என்ற பெரிய அலுவலக மென்பொருளை நிரலிலிருந்து பில்ட் செய்ய உட்கார்ந்தால் செமஸ்டர் அதிலேயே கரைந்துவிடும். குடியாத்தத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வந்து போகிறவருக்கு வீட்டில் மொபைல் டேட்டாதான் இருக்கும். நிரலின் மாற்ற வரலாறு முழுவதையும் இறக்காமல் கடைசிக் கமிட்டை (கடைசியாகப் பதிந்த நிலையை) மட்டும் எடுக்கும் ஷாலோ க்ளோன் முறையைச் சொல்லிக்கொடுங்கள். வெளியாட்கள் கடைசியாக அனுப்பிய 10 புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்து, முதல் பதில் எத்தனை நாளில் வந்தது என்று பாருங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள்.

நம் மாணவருக்கு நன்றாகப் பொருந்துவது தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் போன்ற சிறிய பைத்தான் நூலகம். "வேலூர்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்று சொல்லும், நமக்கோ அது மூன்றெழுத்து. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் வித்தியாசம் இது. விடை தப்பு என்பதை இங்கே மாணவரே பார்த்துச் சொல்லிவிடுவார். அரை வேலை அதிலேயே முடிந்தது.

லேப்பில் நடக்கும் சின்னத் தவறுகள்தான் அதிகம் படுத்தும். ஒரே சிஸ்டத்தில் காலை வகுப்பு மாணவர் தன் பெயரையும் மின்னஞ்சலையும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் குளோபலாகப் (சிஸ்டம் முழுமைக்குமாக) பதிந்துவிட்டுப் போவார். மதியம் வருபவரின் கமிட்டெல்லாம் அவர் பெயரில் ஏறும், மார்க் போடும்போது சண்டை. பெயரை அந்த ப்ராஜெக்ட்டின் ரெப்போவுக்குள் (நிரல் கோப்புறைக்குள்) மட்டும் லோக்கலாகப் பதியச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில், நிரல் வைக்கும் தளமான கிட்ஹப்பின் பழைய கணக்கு தங்கியிருந்தால் புஷ் செய்யும்போது (மேலேற்றும்போது) 403 என்ற மறுப்பு வரும், அதை நீக்கினால் சரியாகும். கிட்ஹப்போடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழி தொங்கி நின்றால் கல்லூரி ஃபயர்வால் 22ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம். கிட்ஹப் 443 வழியாகவும் எஸ்எஸ்எச் தருகிறது. ஒரு வரி மாற்றியதற்கு ஃபைல் முழுவதும் மாறியதாகக் காட்டினால் அது விண்டோஸின் வரிமுடிவுக் குறி. அனுப்பும் முன்பே சரிசெய்யாவிட்டால் அதை யாரும் ரிவ்யூ செய்ய மாட்டார்கள்.

கிரெடிட் கணக்கிலும் கஞ்சத்தனம் உண்டு. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇ கணக்கில் வாரம் 2 மணி நேர லேப் ஒரு கிரெடிட். அதாவது 15 வாரத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், அதில் பெரும்பகுதி நிறுவுவதிலும் பிறர் நிரலைப் படிப்பதிலுமே போய்விடும். இரண்டு கிரெடிட்டுக்குக் குறைந்தால் தொடங்கவே வேண்டாம். விஐடி போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தனிப் பாடமே உருவாக்கிக்கொள்ளலாம். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழோ அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழோ வரும் இணைப்புக் கல்லூரி, ஏற்கெனவே பாடத்திட்டத்தில் உள்ள மினி ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்புக்குள் இதைப் பொருத்துவதே நடைமுறை.

கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமை விதி மாணவர் எழுதுவதெல்லாம் தனக்கே சொந்தம் என்று சொன்னால், அவர் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும் முன் முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பல ப்ராஜெக்ட்கள் ஒவ்வொரு கமிட்டிலும் "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்று ஒப்பம் கேட்கும். தனக்கு உரிமை இல்லாததற்கு மாணவர் ஒப்பமிடக் கூடாது. சொந்த மின்னஞ்சலை வெளியே காட்டத் தயங்கும் மாணவிகளுக்குக் கிட்ஹப் தரும் நோ-ரிப்ளை முகவரி போதும்.

எட்டாவது வாரத்துக்குள் முதல் புல் ரிக்வெஸ்ட் போயிருக்க வேண்டும். அக்டோபரில் இன்டர்னல், அதையொட்டித் தீபாவளி என்று வந்தால் நாள் கிடைக்காது. ரிசல்ட் வந்தபின்னும் திறந்தே இருக்கும் புல் ரிக்வெஸ்ட்டில், இனி யார் பதில் சொல்வார் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கணக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று அதன் பிராஞ்சை (திருத்தம் இருக்கும் கிளையை) மாணவர் அழித்துவிட்டால் புல் ரிக்வெஸ்ட் தானாகவே மூடிக்கொள்ளும்.