வேண்டாத அழைப்புகளைக் குறைத்த விதம்

கடன் தருவதாகவும் மனை விற்பதாகவும் ஓயாமல் வந்த அழைப்புகளைக் கண்டு, அறியாத எண் எதையும் எடுக்கவே என் தந்தையார் தயங்கத் தொடங்கியபோது, அவருடைய கைபேசியிலிருந்து 1909 என்ற எண்ணுக்கு ‘ஸ்டார்ட் 0’ என ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி, எல்லா விளம்பரங்களையும் தடுக்கப் பதிவு செய்தேன். பதிவு பெற்ற விளம்பரதாரர்களின் செய்திகள் பெரிதும் நின்றன.

ஆனால் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து அழைப்பவர்கள் இந்தத் தடையைப் பொருட்படுத்துவதில்லை. ஓர் எண்ணை முடக்கினால் வேறோர் எண்ணில் வருகிறார்கள் என்பதால், புகார் அளிப்பதே முறையான வழி என்பது என் உறுதியான கருத்து. அழைத்த எண், நாள், பேசியதன் சுருக்கம் ஆகியவற்றை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) செயலியில் தவறாமல் பதிந்துவந்தேன். முன்பு 3 நாட்களாக இருந்த புகார்க் கெடு, ஆணையத்தின் 2025 பிப்ரவரி விதித் திருத்தத்தில் 7 நாட்களாக நீட்டப்பட்டது முதியவர்களுக்குப் பேருதவி.

நாமே ஒப்புதல் அளித்த நிறுவனங்களின் விளம்பரம் தடையையும் மீறி வரும். ஆகவே கடைகளில் பில் போடும்போது எண் தருவதை இருவரும் நிறுத்திவிட்டோம்.